இரண்டு பங்கு வெஞ்சனம்

அத்தியாயம் 14

பதினேழு வருஷம் வெள்ளை யூனிஃபார்மிலேயே ஓடிய ரூபிக்கு, இந்தச் சனிக்கிழமை காலையில் எந்தச் சேலையைக் கட்டுவது என்று தெரியவில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய பிரச்னைகள் உண்டுதான். அதை ரூபியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நீலம் கட்டினாள், அவிழ்த்தாள். பச்சை கட்டினாள், "கீரை விக்கப் போற மாதிரி இருக்கு" என்று அதையும் அவிழ்த்தாள். மூன்றாவதாக மாந்தளிர் நிறத்தில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது கணவன் இனிகோ பைக் சாவியோடு நின்றான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மணி பார்ப்பதில் மன்னன்.

"இதுவும் சரியில்லன்னு திரும்பிப் போயிராத. ஒம்போது அடிச்சிருச்சு. உன் பேஷண்ட்டெல்லாம் காத்துக் கிடப்பாங்க."

"பேஷண்ட் இல்லைங்க. வர்றவங்க. வர்றவங்கன்னு சொல்லுங்க."

"சரி, வர்றவங்க. ஆனா நாம இன்னும் போகலயே?"

ரூபி சிரித்தபடி வண்டியில் ஏறினாள். கை சில்லென்று இருந்தது. பயம் இல்லை, சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கும் கை சில்லிடும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ரூபி திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவால்ட்டி நர்ஸ். சர்க்கரை முற்றிப்போய் வருகிற அதே ஆட்களை, அதே கட்டிலில், மூன்றாம் முறையும் நான்காம் முறையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு விட்டுப்போனது. "கட்டிலுக்கு வர்றதுக்கு முன்னாடி அடுப்பங்கரையிலயே இவங்கள நிறுத்தணும்" என்று கிளம்பினாள். லீவு நாளையெல்லாம் தின்று இரண்டு வருஷம் படித்து, இயற்கை உணவியலில் டிப்ளமோ வாங்கினாள். போன வாரம் ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டிவிட்டாள்.

வாங்கிய நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பொன்னழகு அதைக் கிழிக்கவும் இல்லை, மேலே அனுப்பவும் இல்லை. மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். "சனிக்கிழமை நாலு மணிக்கு அடுத்த மாச டூட்டி லிஸ்ட் போடுவேன். வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் பேரு இருக்கும். இல்லன்னா உன் இடத்துக்கு ஆள் ரெடி" என்றார்.

வீட்டுத் தீர்ப்பும் போன வாரமே வந்தாயிற்று. மாமனார் சிலுவைமுத்து, சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். "உசுரக் காப்பாத்துற வேலைய விட்டுட்டு, சோத்துக்குச் சீட்டு எழுதப் போறியாத்தா? அந்த மாடிப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று பிரேக் போட்டுவிட்டார்.

சரி, இப்போது அந்த மாடிப்படிக்கு வருவோம்.

ஆர்.எம். காலனியில், முனீரின் மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒரே ஒரு அறை. கீழே மாத்திரை, மேலே முருங்கைக்கீரை. வாடகை பேசிய அன்றே முனீர் கேட்டிருந்தார். "ஏம்மா, நீங்க மேல எல்லாரையும் கொணப்படுத்திட்டா, கீழ நான் ஈ ஓட்டவா?"

"மாத்திரைப் பக்கம் நான் வரவே மாட்டேன் பாய். அது டாக்டர் வேலை. என் வேலை தட்டு மட்டும்தான்."

அதில் ரூபி கறாராக இருந்தாள். மாத்திரையை விடு, மூலிகையைக் குடி என்று எவரோ சொன்னதைக் கேட்டு மயங்கிப்போய் வந்தவர்களை அவள் கை எத்தனை முறை தூக்கியிருக்கிறது! அந்தப் பாவத்தைத் தான் செய்யக் கூடாது என்பதுதான் முதல் சத்தியம்.

வண்டி நின்றது. படிக்கட்டில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏழு பேருங்க!" என்று இனிகோவின் தோளைக் கிள்ளினாள். மனசு துள்ளியது. நாற்பது வயசுக்காரி என்ற வெட்கமே இல்லாமல் துள்ளியது.

முதல் ஆள் பேச்சாயி. பூ மார்க்கெட்டில் மல்லிகை அளக்கிறவர். ரூபி நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், எடை பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள், விறுவிறுவென்று எழுதினாள், எழுந்து நின்று "அடுத்து!" என்றாள். மொத்தம் நாலே நிமிஷம்.

பேச்சாயி அசையவில்லை. "அம்புட்டுதானா? நான் இன்னும் நல்லாக்கூட உக்காரலயேம்மா. ஆறு மாசமா எனக்குச் சோறு ஏன் இறங்கலன்னு நீங்க கேக்கவேயில்லயே?"

கேஷுவால்ட்டி ஓட்டம் அவள் காலை விட்டு இன்னும் இறங்கவில்லை! ரூபி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க, பேச்சாயி. எனக்கு இன்னிக்கி எந்த அவசரமும் இல்ல." பதினேழு வருஷத்தில் ஒரு மனிதரிடமும் அவள் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

பேச்சாயி நாற்பது நிமிஷம் பேசினார். விடியுமுன் மார்க்கெட்டில் குடிக்கிற ஐந்து டீயில் ஆரம்பித்து, செத்துப்போன புருஷன்வரை போய், மறுபடி டீக்கே திரும்பி வந்தார். போகும்போது ரூபியின் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

மணி பதினொன்று. நாலாவது ஆளோடு பேசிக்கொண்டிருந்தபோது, படியில் கனமான செருப்புச் சத்தம்.

வாசலில் சிலுவைமுத்து!

"மாமா!" ரூபி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இனிகோ வாயைப் பிளந்தான்.

"என்ன எல்லாரும் முழிக்கிறீங்க? வண்டிக்கு ரிவர்ஸ் கியரும் உண்டுல்ல?" என்றவர், உடனே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "செத்த நேரம் உக்காந்துக்கிறேன்த்தா. தலை கிறுகிறுங்குது."

அடுத்த நொடி ரூபி பழைய ரூபி.

"மாமா, சிரிங்க."

"என்னத்தா, இந்த நேரத்துல போயி..."

"சிரிங்க மாமா! ரெண்டு கையையும் தூக்குங்க. வீட்டுக் கதவு நம்பர் சொல்லுங்க."

சிரித்தார். வாய் கோணவில்லை. இரண்டு கையும் ஒரே உயரத்தில் நின்றன. நம்பரும் சரி. பக்கவாதம் இல்லை என்று ரூபிக்கு மூச்சு வந்தது. ஆனால் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு. மாதம் தவறாமல் நூற்று நாற்பதில் நிற்கிற மனிதருக்கு!

முனீரின் கடையை ஒட்டி கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சுகன்யா மேலே ஓடி வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தார், கண்ணில் டார்ச் அடித்தார். "பயப்படுற மாதிரி இல்ல. படுக்க வையுங்க, நான் மறுபடி வந்து பாக்குறேன். மாத்திரை தவறாமப் போடுறாரா?"

"நாள் தவறினதில்ல டாக்டர்" என்றார் சிலுவைமுத்து.

"அப்ப உப்பு. உப்பு எங்கயோ ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க ரூபி. உங்க டிபார்ட்மென்ட்தானே?" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ரூபி மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மாலை வரச் சொல்லிவிட்டு, மாமனார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, உள்ளதச் சொல்லுங்க. என்ன சாப்பிடுறீங்க?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். இனிகோவைப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையில் கைவிட்டு, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். ரூபியின் உணவுச் சீட்டு. இரண்டு வாரத்துக்கு முன்னால், முதல் பிரதியை அச்சடித்து அழகு பார்க்க ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாளே, அதேதான்.

"நீ எழுதுனபடிதான்த்தா தின்னேன். ஒரு நாள் விடல."

ரூபிக்கு முதலில் கண் கலங்கியது. எதிரில் நின்று திட்டிய மனிதர், மறைவில் பதினான்கு நாள் இவள் சொல் கேட்டு நடந்திருக்கிறார். அதற்கப்புறம்தான் சந்தேகம் வந்தது. "என் சீட்டுப்படி தின்னா பிரஷர் இறங்கணுமே மாமா?"

"அத நான் கேக்கணும். இந்தா பாரு, நீதான போட்டிருக்க. மதியம் சோறு ஒரு கரண்டி, வெஞ்சனம் ரெண்டு பங்கு. எனக்கு வழக்கமா மத்தியானத்துக்கு ரெண்டு துண்டு கருவாடு. அத நாலாக்குனேன். ஒரு அப்பளத்த ரெண்டாக்குனேன். நார்த்தங்கா ஊறுகாயும் ரெண்டு பங்கு. சோத்தக் கொறச்சுட்டு அம்புட்டையும் திங்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஆனாலும் விடலத்தா."

இனிகோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கிறானா, அழுகிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ரூபிக்கு உச்சியில் யாரோ கொட்டியது போல் இருந்தது. வெஞ்சனம்! கல்லூரி கொடுத்த மாதிரிச் சீட்டில் 'காய்கறிக் கூட்டு இருநூறு கிராம்' என்று இருந்தது. நம்ம ஊரு ஜனத்துக்கு இது புரியாது என்று அவள்தான் அதை அடித்துவிட்டு 'வெஞ்சனம்' என்று போட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டில் வெஞ்சனம் என்றால் அவரைக்காய், இல்லாவிட்டால் கீரை. வேறொன்றும் வாங்க வழியில்லை. இந்த வீட்டிலோ, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற எல்லாமே வெஞ்சனம். பதினாறு வருஷம் இதே வீட்டில் பரிமாறியவளுக்கு இது உறைக்காமல் போயிற்றே!

"மதியத்துல வீட்டுல கருவாட்டு வாசம் வழக்கத்தவிடத் தூக்கலா அடிச்சிச்சே. பக்கத்து வீட்டுலயும் பொரிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் மெல்ல.

"நானே பொரிச்சுக்கிட்டேன். உனக்குத் தெரியாமத் தின்னு எளச்சுக் காட்டணும்னு ஒரு வைராக்கியம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரூபி அழுதாள். அழுதுகொண்டே இன்னொன்று நினைவுக்கு வர, சட்டென்று நிமிர்ந்தாள்.

படிப்பு முடிக்கப் பயிற்சிக்காகப் பதிமூன்று பேருக்குச் சீட்டு எழுதித் தந்திருக்கிறாள். பதிமூன்றிலும் அதே வார்த்தை!

போனை எடுத்தாள். திரையில் முதலில் நின்றது பொன்னழகு சிஸ்டரின் பெயர். ஒரே ஒரு வார்த்தை. வாரேன். கேஷுவால்ட்டியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே பெயர், ஒரே அளவு. தட்டைக் கவனிக்க வந்தவள் முதல் தட்டையே கவிழ்த்துவிட்டாள். கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேல் அப்படியே நின்றது.

"பதிமூணு பேர் நம்பரும் இருக்குல்ல?" என்றான் இனிகோ. வாத்தியார் குரல். "தப்பா எழுதுனா அடிச்சுத் திருத்தணும். நோட்டக் கிழிக்கக் கூடாது. கூப்பிடு."

கூப்பிட்டாள்.

பேகம்பூர் நைனா முகமது வீட்டில் வெஞ்சனம் என்றால் கறி என்று புரிந்துகொண்டு, தினமும் கறி எடுத்து வீட்டையே விருந்துக் கூடமாக்கியிருந்தார்கள். ஒரு டீச்சர் வீட்டில் மிக்சர்! ஆத்தூரில் ஒரு அம்மா மட்டும் சரியாகச் செய்திருந்தார். "வெஞ்சனம்னா காய்தானேம்மா, இதுல என்ன சந்தேகம்?" என்று ரூபியையே திருப்பிக் கேட்டார்.

ஒவ்வொரு போனிலும் ரூபி சொன்னாள். "தப்பு என் மேல. சீட்ட விடுங்க. நேத்து மத்தியானம் உங்க தட்டுல என்னென்ன இருந்துச்சு? அதச் சொல்லுங்க." சொன்னார்கள். மடை திறந்ததுபோல் சொன்னார்கள். இரண்டு வருஷப் படிப்பில் கிடைக்காதது இந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. அவமானம் மெல்ல விலகி, காலையில் வந்த அதே துள்ளல் மறுபடி வந்து உட்கார்ந்தது. நோட்டில் வேகவேகமாக எழுதினாள். ஆஸ்பத்திரியில் ஆளை அனுப்பினால் கதை முடிந்தது. அவர் என்ன ஆனார் என்று கேட்கவே முடியாது. இங்கே கேட்கலாம்!

ஒரு மணிக்கு டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். நூற்று அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. அந்த உற்சாகத்தில் சிலுவைமுத்து தன் பழைய பட்டன் போனை எடுத்தார். "பாதி லிஸ்ட்ட எங்கிட்டக் குடு ஆத்தா."

"நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா."

"படுத்துக்கிட்டுப் பேசுறது ரெஸ்ட்டு இல்லையா?" அவர் காதில் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "அய்யா, நான் ரூபியம்மா மாமனாரு. வெஞ்சனம்னா கருவாடு இல்லய்யா, காயி. கருவாட்ட நான் தின்னு பாத்துட்டேன், ஆளப் படுக்க வச்சிருச்சு. ஆமா, நம்ம மருமகதான், நல்லாக் கேட்டுப் பாக்கும், ஒருக்கா நேர்ல வாங்க."

நம்ம மருமக. ரூபி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் வேலை ஓடாது.

இரண்டே காலுக்குக் கடைசி நம்பர். சேவுகம்பட்டி உடையப்பன். தென்னை, கத்தரி, கொஞ்சம் பூ. பத்து வருஷமாகச் சர்க்கரை. எடுத்தது அவர் மனைவி பழனியம்மாள்.

"வெஞ்சனமெல்லாம் தோட்டத்துக் காய்தாம்மா. ஒரு கொறையும் இல்ல. சீட்டுல உள்ளபடி காலைல வெந்தயத் தண்ணி, பதினோரு மணிக்கு மோரு, எல்லாம் டயத்துக்குக் குடுக்கிறேன். அந்தச் சனியன் புடிச்ச மாத்திரையும் விட்டுப்போச்சு."

ரூபியின் பேனா நின்றது. "மாத்திரைய யாரு விடச் சொன்னது?"

"சீட்டுலதான் இல்லையே! விடிஞ்சதுல இருந்து படுக்கிறவரைக்கும் வாயில போடுறதெல்லாம் எழுதியிருக்கீங்க. மாத்திரைய எங்கயும் எழுதலயே. வேணாம்னுதான எழுதாம விட்டிருக்கீங்க? ரெண்டு வாரமாச்சு."

மாத்திரையைத் தொடக் கூடாது என்ற சத்தியத்தால், மாத்திரை என்ற சொல்லையே சீட்டில் எழுதாமல் விட்டிருந்தாள் ரூபி.

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா எளச்சுட்டாரு. தண்ணிதான் கொடம் கொடமாக் குடிக்கிறாரு. அடிக்கடி ஒண்ணுக்குப் போறாரு. கொஞ்சம் அசதி."

"இப்பவே வத்தலக்குண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனில் சலசலப்பு. பிறகு உடையப்பனே வந்தார். "நான் எங்கயும் வல்லம்மா. உடம்பு பஞ்சா இருக்கு. நீங்க சொன்னதத்தான் கேப்பேன், வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். நேர்ல வந்து பாருங்க."

அப்பாவை டாக்டர் சுகன்யா பொறுப்பில் விட்டுவிட்டு இனிகோ வண்டியை எடுத்தான். சீட்டெழுதிய கையால் சுகர் மிஷினைத் தேடிப் பைக்குள் போட்டுக்கொண்டு ரூபி பின்னால் ஏறினாள். வத்தலக்குண்டு ரோட்டில் அத்தனை வேகமாக எந்தக் கணக்கு வாத்தியாரும் போயிருக்க மாட்டார்.

தோப்பு வீட்டு வாசலில் உடையப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் எழுந்து, தொளதொளவென்று தொங்கிய சட்டையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். "பாருங்க, எம்புட்டு எளச்சுட்டேன்! எல்லாம் உங்க சீட்டு மகிமை." உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அந்த முகத்தில்தான் அத்தனை பெருமை.

ரூபி அவர் விரலில் ஊசி குத்தினாள். மிஷின் யோசித்தது. எண் வரவில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்துதான் வந்தது.

உடையப்பன் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். "எச்சு, ஐயி. ஹாய்! ஏ பழனியம்மா, மிஷினே எனக்கு வணக்கம் சொல்லுதுடி!"

அது வணக்கம் இல்லை. என்னால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று மிஷின் கையை விரிக்கிற எழுத்து. இனிகோ அவள் முகத்தைப் பார்த்தே நூற்றெட்டு ஆம்புலன்ஸை அழைத்தான்.

"அய்யா, நீங்க இப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றாள் ரூபி.

"நீங்க கூட வருவீங்களா?"

"கூடவே வாரேன்."

"அப்பச் சரி" என்றார் குழந்தைபோல்.

அப்போது அவள் போன் அடித்தது. பொன்னழகு. மணி சரியாக நாலு.

"என்ன ரூபி, லிஸ்ட் கையில இருக்கு. பேரப் போடவா?"

"பேரு வேணாம் சிஸ்டர். ஒரு கட்டில் வேணும்." ரூபியின் குரலில் நடுக்கம் இல்லை. அவளுக்கே ஆச்சரியம். "ஐம்பத்தெட்டு வயசு, பத்து வருஷச் சர்க்கரை, மிஷின்ல நம்பர் காட்டல, நல்லா வறண்டிருக்காரு, நினைவு தெளிவா இருக்கு. வத்தலக்குண்டுல டிரிப் போட்டுட்டு அப்படியே கூட்டிட்டு வாரேன்."

"வா. டாக்டருக்குச் சொல்லிடுறேன்." பேனா மூடி திறக்கிற சத்தம். "மாத்திரை?"

"ரெண்டு வாரமா இல்ல."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

இந்தக் கேள்வி ரூபிக்கு அத்துப்படி. நூறு பேரிடம் அவளே கேட்டிருக்கிறாள். கேட்கும்போது உதட்டில் ஒரு சுழிப்பு வரும். பதில் சொல்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருவர் பேரை முணுமுணுப்பார்கள். அந்த யாரோ ஒருவரை அவள் மனசுக்குள் எத்தனை முறை வைதிருக்கிறாள்!

"நான்தான் சிஸ்டர். என் சீட்டு. ரிஜிஸ்டர்ல என் பேரையே எழுதிக்கோங்க. கையெழுத்தும் போடுறேன்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம்.

"எழுதினா, நாளைக்கு உன் கடைக்குக் கதவு இருக்காது. தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர். எழுதலன்னா திறந்து வச்சும் பிரயோஜனம் இல்ல."

"சரி. நானே வாசல்ல நிக்கிறேன்" என்றார் பொன்னழகு. கோபமா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "வரும்போது அந்தச் சீட்டையும் எடுத்துட்டு வா."

தோப்புக்கு வெளியே நூற்றெட்டின் சத்தம் நெருங்கியது. ரூபி வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் பழனியம்மாள் ஒட்டியிருந்த தன் சீட்டைச் சுவரிலிருந்து உரித்தாள்.